வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பெட்ரோல் டேங்க்கைக் காலி செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டுப் போன பிறகு, வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முடிச்சூரிலும் மெக்கானிக் கடைகளின் வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. கடையில் இடம் கிடைக்காதவர்கள் வீட்டிலேயே டேங்க்கைத் திறந்து, கையில் கிடைத்த குடத்திலும் கேனிலும் பெட்ரோலை வடித்தார்கள். அக்கம்பக்கத்தார் என்னிடம் கேட்ட கேள்விகளும், அதற்குப் பிந்தைய மழைக்காலங்களில் மீண்டும் மீண்டும் வந்த சந்தேகங்களும் இங்கே பதில்களுடன் தரப்பட்டுள்ளன.

மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. டேங்க்கிற்குள் தண்ணீர் எப்படிப் போயிருக்கும்?

டேங்க் மூடியில் காற்று போய்வர ஒரு சிறு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிரப்பாவிட்டால் வண்டி ஓடாது. வெயிலில் நின்ற வண்டியைக் குளிர்ந்த மழைநீர் சூழும்போது டேங்க்கின் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியே இருப்பதை உள்ளே இழுக்கிறது. மூடி நீருக்கடியில் இருந்தால் இழுக்கப்படுவது தண்ணீர்தான். மூடியின் ரப்பர் வளையம் பழையதாகி வெடித்திருந்தால் துளை வழியாக வருவதைவிட அதிகமாகவே உள்ளே போகும்.

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில், சாவியைப் போடாதீர்கள். மூழ்கிய வண்டியைக் கிளப்பிப் பார்ப்பதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு என்ற தண்டு வளைந்துவிடும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் டேங்க்கைக் காலி செய்வதற்கு ஆகும் செலவு ஒன்றுமேயில்லை.

டேங்க்கின் அடியிலிருந்து சுமார் 200 மில்லி பெட்ரோலை எடுத்து, நன்றாகக் காய்ந்த கண்ணாடி ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி மூடி, நிழலில் அரை மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். மேலாக எடுத்த பெட்ரோல் எதையும் காட்டாது. ஒரு கன மீட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 720 முதல் 775 கிலோ. தண்ணீரோ 1000 கிலோ. ஆகவே தண்ணீர் எப்போதும் அடியில்தான் கிடக்கும். முதலில் பாட்டில் முழுவதும் நீராகாரம் போலக் கலங்கித் தெரியலாம். சற்று நேரம் கழித்துப் பாட்டிலைக் கண்மட்டத்திற்கு உயர்த்திப் பார்த்தால், பெட்ரோலுக்கும் அடியில் நிற்பதற்கும் இடையே ஒரு கோடு தெளிவாக விழுந்திருக்கும். பாட்டிலை லேசாகச் சாய்த்தால் அந்தக் கோடும் சேர்ந்து சாயும். கோடு தெரிந்துவிட்டால் அதற்குமேல் சோதனை தேவையில்லை.

அடியில் நிற்கும் தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு மீதிப் பெட்ரோலில் ஓட்டலாமே? முன்பெல்லாம் அப்படித்தானே செய்தோம்?

முன்பு அது சரியான வழிதான். அன்றைய பெட்ரோலில் எத்தனால் என்ற ஆல்கஹால் இல்லை, அல்லது மிகக் குறைவு. தண்ணீரும் பெட்ரோலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். அடியில் இருப்பதை விட்டுவிட்டால் மேலே இருப்பது பழைய பெட்ரோலாகவே இருக்கும். இந்தியப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 2022 ஜூனில் சராசரியாக 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் வழக்கமான பெட்ரோலாகவே ஆகிவிட்டது. அந்தப் பழைய வழி இப்போது ஏன் உதவாது என்பதைப் பலருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீரின் மீதுதான் ஒட்டுதல் அதிகம். மிகச் சிறிதளவு தண்ணீர் புகுந்தால் எத்தனால் அதைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். பாட்டிலில் கோடு விழாது, வண்டியும் தடையின்றி ஓடும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 15 டிகிரி வெப்பத்தில் இப்படித் தாங்கக்கூடியது ஏறத்தாழ அரை சதவீதத் தண்ணீர். 20 சதவீதக் கலவை இன்னும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். அந்த அளவைத் தாண்டியதும் எத்தனால் பெட்ரோலை உதறிவிட்டுத் தண்ணீருடன் சேர்ந்து அடியில் இறங்கிவிடுகிறது. 6 லிட்டர் கொள்ளும் ஸ்கூட்டர் டேங்கில் ஒரு டம்ளர் தண்ணீர் போனாலே இது நடந்துவிடும்.

இதைக் கண்ணால் காண விரும்புவோர் அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 90 மில்லி பெட்ரோலையும் 10 மில்லி தண்ணீரையும் ஊற்றிக் குலுக்கி வைக்கலாம். அடியில் பிரிந்து நிற்பது நீங்கள் ஊற்றிய 10 மில்லியாக இருக்காது. அதன் இருமடங்குக்கும் மேலாக இருக்கும். கூடுதலாக வந்தது பெட்ரோலிலிருந்து இறங்கிய எத்தனால்.

இதனால் இரண்டு சிக்கல்கள் எழுகின்றன. அடியில் நிற்கும் கலவை எரியாமல் இன்ஜினைத் திணறடிப்பதோடு உலோகப் பாகங்களை அரிக்கவும் செய்யும். மேலே நிற்கும் பெட்ரோலோ எத்தனாலை இழந்துவிட்டதால் ஆக்டேன் (இன்ஜினில் தட்டலின்றி எரியும் தன்மையின் அளவு) குறைந்து, கம்பெனி எதிர்பார்த்த தரத்தில் இருக்காது. கோடு விழுந்துவிட்டால் டேங்க்கை முழுவதுமாகக் காலி செய்யத்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். பிரிந்ததை மீண்டும் ஒன்றுசேர்ப்பதாகச் சொல்லி விற்கப்படும் திரவங்களுக்குக் கொடுக்கும் பணத்தில் புதிய பெட்ரோல் வாங்கிவிடலாம்.

இதை வீட்டிலேயே செய்யலாமா, மெக்கானிக்கிடம்தான் போக வேண்டுமா?

முடிந்தவரை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. ஸ்கூட்டர், பைக் ஆகியவற்றைக் கீழே சொல்லும் இடமும் பொருள்களும் கிடைத்தால் மட்டும் வீட்டில் செய்யலாம். காரை வீட்டில் செய்யவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

எந்த இடத்தில் வைத்துச் செய்வது?

திறந்தவெளியில், சமதரையில், காற்றோட்டம் உள்ள இடத்தில் செய்ய வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள பார்க்கிங் நிழலாகவும் வசதியாகவும் இருப்பதால் எல்லோரும் அங்கேதான் உட்காருகிறார்கள். எனக்குத் தெரிந்து அதைவிட மோசமான இடம் வேறில்லை.

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக்கு அருகிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கிவிடும். ஆகவே நம் ஊரில் எந்தக் குளிரிலும் அது ஆவியாகிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த ஆவி காற்றைப் போல மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே எழும்பிக் கலைந்து போகாமல், தரையோடு தரையாகத் தண்ணீரைப் போலவே ஓடிப் பள்ளத்தில் தேங்கும். கீழ்த்தள பார்க்கிங்கில் என்ன இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு மூலையில் சம்ப்பின் மூடி. அதற்குப் பக்கத்தில் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார். சுவரில் மின்வாரிய மீட்டர் பெட்டிகள். மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்ததும் தானாகவே ஓடத் தொடங்கும் மோட்டாராக இருந்தால், நீங்கள் குனிந்து டியூப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் அதன் ஸ்டார்ட்டர் பொறி விடும். ஆவி சம்ப்பிற்குள் இறங்கிவிட்டாலோ அது நாள்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

சென்னையில் வெள்ளம் வரும் மாதம் பெரும்பாலும் கார்த்திகை என்பதையும் மறக்கக் கூடாது. மாலையானால் வாசற்படியில் அகல் விளக்கு ஏற்றும் வீடுகள் பல. காலையில், விளக்கும் அடுப்பும் இல்லாத பக்கம் பார்த்து, 15 மீட்டராவது தள்ளி வண்டியை நிறுத்துங்கள்; அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

நெருப்பே பக்கத்தில் இல்லையென்றால் ஆபத்து இல்லைதானே?

நெருப்பு இல்லாமலும் பொறி உண்டாகும். பெட்ரோல் ஒரு டியூப் வழியாக ஓடும்போதும், உயரத்திலிருந்து கேனுக்குள் சிதறி விழும்போதும் நிலைமின்சாரம் சேர்கிறது. நைலான், பாலியஸ்டர் உடைகள் உடம்போடு உரசுவதிலும் அது சேரும். குளிர்காலத்தில் கம்பளியைக் கழற்றும்போது படபடவென்று கேட்குமே, அந்தப் பொறியே பெட்ரோல் ஆவிக்குப் போதும். இந்த விஷயத்தில் செல்போனைவிட நைலான் சட்டைக்கே நான் அதிகம் பயப்படுவேன். அதற்காகக் காதில் போனை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யலாம் என்று பொருளில்லை.

பருத்தி உடை அணிய வேண்டும். தொடங்கும் முன் வண்டியின் பெயின்ட் இல்லாத உலோகப் பாகம் ஒன்றை வெறுங்கையால் தொட வேண்டும். கேனைத் தரையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பின் மீதோ வண்டியின் மீதோ வைத்து நிரப்பக் கூடாது. வண்டியின் உலோகச் சட்டத்தையும் கேனையும் இரு முனையிலும் கிளிப் உள்ள ஒரு செம்பு ஒயரால் இணைத்துவிட்டால் இரண்டுக்குமிடையே பொறி பறக்காது. டியூப்பின் முனை கேனின் அடியைத் தொட்டபடி இருக்கட்டும், பெட்ரோல் மெதுவாகவே இறங்கட்டும்.

என்ன பாத்திரத்தில் பிடிக்கலாம்? 20 லிட்டர் குடிநீர் கேன் போதுமா?

போதாது, அது தவறும்கூட. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி விற்பனைக்கு அல்லாமல் ஒருவர் உரிமமின்றி வைத்திருக்கக்கூடிய பெட்ரோல் மொத்தம் 30 லிட்டர்தான். அதையும் இறுக மூடிய கலன்களில் வைக்க வேண்டும்: கண்ணாடி அல்லது பீங்கான் என்றால் ஒரு லிட்டர் வரை, உலோகம் என்றால் 25 லிட்டர் வரை. மூடியில் ரப்பர் வளையம் உள்ள இரும்பு ஜெர்ரி கேன் இதற்கு ஏற்றது. விளிம்பு வரை நிரப்பாமல், வெயிலில் விரிவதற்கு நான்கு விரல் இடம் விட வேண்டும்.

குடிநீர் கேனிலும் தண்ணீர் பாட்டிலிலும் பெட்ரோலைப் பிடிப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வெள்ளம் வடிந்த வீட்டில் நல்ல தண்ணீருக்காகவே எல்லோரும் தவித்துக்கொண்டிருப்பார்கள். இருட்டில் ஒரு குழந்தை எடுத்துக் குடித்துவிடலாம். எந்தக் கலனாக இருந்தாலும் “கெட்ட பெட்ரோல்” என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

டியூப்பை வாயால் உறிஞ்சித்தான் எப்போதும் எடுப்போம். அதில் என்ன தவறு?

வாய்க்குள் வந்த பெட்ரோல் வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குப் போவதே பெரிய ஆபத்து. ஒரு வாய்க்கும் குறைவான பெட்ரோல் புரையேறினாலே நுரையீரல் வெந்து நிமோனியா ஏற்படலாம், உயிரே போகலாம். அப்படி விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, ஏனென்றால் மேலே வரும்போது அது மீண்டும் நுரையீரலுக்குள் இறங்கும். உப்புக் கரைசலும் கொடுக்கக் கூடாது. இருமலோ மூச்சிரைப்போ இல்லாவிட்டாலும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

நடுவில் ரப்பர் பல்ப் வைத்த கை பம்ப் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. பெட்ரோலைத் தாங்கும் டியூப்பா என்று கேட்டு வாங்குங்கள். மீன்தொட்டி மோட்டார், டிரில்லில் மாட்டும் பம்ப், வேக்குவம் கிளீனர் ஆகியவற்றின் பக்கமே போகக் கூடாது. அவற்றின் மோட்டாரிலோ சுவிட்சிலோ பொறி பறக்கலாம்.

சரி, வேலையை எந்த வரிசையில் செய்வது?

இன்ஜினும் சைலன்சரும் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். டேங்க்கைத் திறக்கும் முன்பே பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். திறந்த பிறகு கழற்றினால் அந்தப் பொறியே போதும். நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோலில் ஒரு சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதால் கையை நனைத்துக்கொள்வது வெறும் எரிச்சலோடு முடிகிற விஷயமில்லை. உலர்தூள் தீயணைப்பான் ஒன்றும், இல்லாவிட்டால் இரண்டு வாளி உலர்ந்த மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கூட ஒருவர் நிற்க வேண்டும்.

கார்புரேட்டர் உள்ள பழைய பைக்கில் வேலை எளிது. டேங்க்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகான பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டருக்குப் போகும் டியூப்பைக் கழற்றி, அதன் முனையைக் கேனுக்குள் விட்டு, காக்கை ‘ரிசர்வ்’ பக்கம் திருப்ப வேண்டும். வழக்கமான ‘ஆன்’ பக்கம் திருப்பினால் உள்ளே நிற்கும் உயரமான குழாய் வழியாகத்தான் பெட்ரோல் வரும். தண்ணீர் கிடக்கும் கடைசி லிட்டர் அப்படியே டேங்க்கில் தங்கிவிடும். ஓட்டம் நின்றதும் வண்டியைக் காக் இருக்கும் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் இன்னும் கொஞ்சம் வரும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்திலும் தண்ணீர் இருக்கும். அதற்கென்று உள்ள திருகைத் தளர்த்தி அதையும் வடிக்க வேண்டும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி அமைந்த) வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது. மூடி வழியாகக் கை பம்ப்பின் டியூப்பை அடிவரை இறக்கி எடுக்கலாம். டேங்க் கால்பலகைக்கு அடியில் இருக்கும் ஸ்கூட்டர்களில் கேன் அதைவிடத் தாழ்வாக இருக்க முடியாது என்பதால், பல்ப்பைக் கடைசி வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். எப்படியும் ஒரு கை அளவு அடியில் தங்கும். அதை எடுக்கப் பம்ப்பைக் கழற்ற வேண்டும். அந்த வேலை மெக்கானிக்குடையது.

காரை ஏன் வீட்டில் செய்யக் கூடாது?

பெரும்பாலான புதிய கார்களில் பெட்ரோல் ஊற்றும் வாயில் தடுப்பும், வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் வெளியேறாதிருக்க வால்வும் வைத்திருப்பதால் டியூப் உள்ளே இறங்காது. பலவந்தமாகத் தள்ளினால் மாட்டிக்கொள்ளும். இன்ஜெக்டருக்குப் போகும் குழாயிலோ வண்டி அணைந்த பிறகும் அழுத்தம் நிற்கும். தெரியாமல் கழற்றினால் முகத்தில் பீறிட்டு அடிக்கும். ஒரு மாருதி ஸ்விஃப்ட்டின் டேங்க் 37 லிட்டர் கொள்ளும். நிரம்பிய டேங்க்கை வடித்தால் மேலே சொன்ன 30 லிட்டர் வரம்பையும் தாண்டிவிடுவீர்கள். டோ செய்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள். காப்பீட்டு நிறுவனத்திற்கு அதற்கு முன்பே தகவல் சொல்லுங்கள்.

டேங்க் காலியாகிவிட்டது. இனி ஆபத்து முடிந்ததா?

இல்லை, இப்போதுதான் அது கூடுகிறது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருக்கும்போதுதான் தீப்பற்றும். நிரம்பிய டேங்க்கின் உள்ளே ஆவி மிக அடர்த்தியாக இருப்பதால் எரிவதற்குக் காற்று போதாது. காலியான டேங்க்கிலோ காற்று புகுந்து கலவை சரியான அளவுக்கு வந்துவிடுகிறது. ஓட்டை அடைப்பதற்காகக் காலி டேங்க்கை வெல்டிங் பட்டறையில் கொடுத்து விபத்துக்குள்ளாவது இதனால்தான். டேங்க்கைக் காய வைக்க ஹேர் டிரையரையோ, உள்ளே பார்க்கத் தீக்குச்சியையோ லைட்டரையோ பயன்படுத்தக் கூடாது.

மூடியைத் திறந்து, குழந்தைகள் வராத திறந்த இடத்தில் நிழலில் ஆற விடுங்கள். பிறகு அரை லிட்டர் புதிய பெட்ரோலை ஊற்றி அலசி, அதையும் கெட்ட பெட்ரோலுடன் சேர்த்துவிட வேண்டும். சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டாம். தண்ணீரை வெளியேற்றத்தான் இவ்வளவு பாடும். அலசிய பெட்ரோலில் செம்மண் நிறத் தூள் வந்தால் டேங்க்கின் உள்ளே துரு பிடித்திருக்கிறது என்று பொருள். ஃபில்டரை எப்படியும் மாற்ற வேண்டும்.

வடித்த பெட்ரோலை என்ன செய்வது?

சாக்கடையில் கொட்டாதீர்கள். மழைநீர் வடிகாலில் விட்டது கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போகும் என்பது ஒரு பக்கம். மூடிய வடிகாலுக்குள் ஆவி தேங்கி, தெருமுனையில் யாரோ எறியும் பீடித் துண்டில் தீப்பிடிக்கலாம் என்பது இன்னொரு பக்கம். மண்ணில் ஊற்றினால் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் இறங்கும். குப்பை எரிக்கவோ, மண்ணெண்ணெயுடன் கலந்து அடுப்புக்கோ பயன்படுத்தக் கூடாது. பழைய ஆயிலைச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பெரிய சர்வீஸ் சென்டர்களிடம் முன்கூட்டியே பேசி, உலோகக் கேனிலேயே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் நடைமுறையில் சாத்தியமான வழி. பாட்டிலில் கோடு விழுந்த பெட்ரோலை “கொஞ்சம் கொஞ்சமாக நல்ல பெட்ரோலோடு கலந்து தீர்த்துவிடலாம்” என்று சொல்பவர்களிடமும் கொடுக்காதீர்கள். அது வேறொருவருடைய டேங்க்கில் போய் முடியும்.

கைதவறிக் கொட்டிவிட்டால்? தீப்பிடித்துவிட்டால்?

கொட்டிய இடத்தில் மணலைப் போட்டு மூடி, எல்லோரையும் விலக்கி, எந்த சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் விட்டுவிட வேண்டும். உடையில் கொட்டினால் தண்ணீரால் நன்கு நனைத்த பிறகு கழற்றுங்கள்; கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் செல்லுங்கள். தீயின் மீது தண்ணீரை ஊற்றினால் பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்தபடி தீயையும் கூடவே கொண்டுபோகும். தீயணைப்பானால் அடக்க முடியாது என்று தோன்றிய அந்த நொடியே விலகி 101-ஐ அழையுங்கள். வண்டியைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

வண்டி வெள்ளத்தில் மூழ்கவேயில்லை. பங்க்கில் பெட்ரோல் போட்ட மறுநாளே இப்படி ஆகிவிட்டது. யாரிடம் கேட்பது?

கனமழைக்குப் பிறகு பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலும் தண்ணீர் இறங்குவதுண்டு. பில்லைப் பத்திரப்படுத்துங்கள். டேங்க்கைக் காலி செய்யும்போதே ஒரு லிட்டருக்கு மிகாத கண்ணாடி பாட்டிலில் மாதிரி எடுத்து, தேதியும் நேரமும் எழுதி, இன்னொருவர் முன்னிலையில் மூடி வையுங்கள். அன்றே பங்க்கிற்குச் சென்று அடர்த்திச் சோதனையும் ஃபில்டர் தாள் சோதனையும் செய்து காட்டச் சொல்லலாம். வாடிக்கையாளர் கேட்டால் அவர்கள் செய்து காட்ட வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலில் ஃபில்டர் தாள் தண்ணீரைக் காட்டிக்கொடுக்காது என்பதால், தொட்டியின் அளவுகோலில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவி இறக்கிப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டு, எண்ணெய் நிறுவனத்திற்கும் தனியே எழுத்தில் தெரிவியுங்கள்.

தண்ணீருக்குப் பதிலாகப் பெட்ரோல் வண்டியில் டீசல் போட்டுவிட்டார்கள். இதே முறைதானா?

காலி செய்யும் முறையும் எச்சரிக்கைகளும் இவைதான். ஆனால் டீசல் பெட்ரோலோடு முழுவதும் கலந்துவிடும் என்பதால் பாட்டிலில் கோடு விழாது. மணத்தையும் கையில் ஒட்டும் எண்ணெய்ப் பசையையும் வைத்துத்தான் சந்தேகப்பட முடியும். வண்டியைக் கிளப்பாமல் அந்த இடத்திலேயே நிறுத்தி, பங்க்கிலிருந்தே மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.